கையைப் பார்க்கிற ஆட்டம்

சிதம்பரம்,
9-2-2012

அன்புத் தம்பி தேவநாதனுக்கு அக்கா தங்கம்மாள் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. படிக்கட்டைக் கண்டால் முழங்கால் சண்டைக்கு வருகிறது. மற்றபடி நானும் பிள்ளை கார்த்திகேசனும் நன்றாகத்தான் இருக்கிறோம். உன் சர்க்கரை எப்படி இருக்கிறது, என் மருமகள் வினோதினி வேளைக்குச் சாப்பிடுகிறாளா, இரண்டையும் மறைக்காமல் எழுது.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் முடிந்து கடலூரில் பஸ் ஏறியதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. போனில் சொல்லலாம் என்றால் என் காது இருக்கிற லட்சணத்துக்கு நீ கத்துவாய், நான் கத்துவேன், தெருவே கூடிவிடும். நல்லதோ கெட்டதோ, நமக்குள் கடுதாசியே போதும்.

நீ மாப்பிள்ளைக்குப் போட்ட மோதிரத்தைப் பார்க்காத ஆள் இந்தத் தெருவில் பாக்கி இல்லை. எதிர்வீட்டு இருசம்மாள் அவன் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு, "இன்னாக்கா, கல்லு இப்புடி ரத்தமாட்டம் இருக்குது!" என்றாள். செத்துப்போன உன் பெண்டாட்டி குணசுந்தரியின் மூக்குத்திக் கல் என்று சொன்னதும் அவள் கண் கலங்கிவிட்டது. அம்மிமேல் விழுந்து ஓரத்தில் சிதைந்த கல்லை, அந்தச் சிதைவோடு அப்படியே வைத்துக் கட்டச் சொன்னாயாமே. உன் மனசு யாருக்கு வரும்?

உன் மாமா உயிரோடு இருந்தவரைக்கும் என் காதும் கழுத்தும் சீட்டாட்டத்துக்கே போனது உனக்குத் தெரியும். அதைப் பார்த்து வளர்ந்தவன் கார்த்திகேசன். சீட்டுக்கட்டு இருக்கிற இடத்தில் நிற்கக்கூட மாட்டான். மருந்து கம்பெனி வேலை, பாண்டிச்சேரி விழுப்புரம் என்று டூர்தான் கொஞ்சம் ஜாஸ்தி. ஆவணியில் உன் பெண்ணை என் வீட்டுக்கு அழைத்துக்கொண்டால் எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

உன் அக்கா,
தங்கம்மாள்

*

கடலூர்,
20-5-2012

மரியாதைக்குரிய அக்காவுக்குத் தம்பி தேவநாதன் எழுதிக்கொள்வது. பதில் போட மூன்று மாதம் ஆனதற்குத் திட்டிவிடாதீர்கள். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வினோதினி சாப்பிடுகிறாள். உங்கள் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், ஆள் கிடைத்தால் கொடுத்தனுப்புகிறேன்.

அண்ணாகிராமத்துத் தோப்பிலேயே நாளெல்லாம் போகிறது. தானே புயலில் விழுந்த முந்திரியை வெட்டி அள்ளி இப்போதுதான் தரை தெரிகிறது. அப்பா வைத்த பலாவும் போய்விட்டது. அக்கம்பக்கத்தில் எல்லோர் கதையும் இதே கதைதான். கன்று வாங்கக்கூட வழியில்லாமல் நிற்கிறார்கள்.

மஞ்சக்குப்பத்தில் சில நண்பர்கள் சேர்ந்து அவர்களுக்காக நிவாரணப் போட்டி ஒன்று வைக்கிறார்கள். வினோதினியும் கலந்துகொள்கிறாள். ஆபீஸ் முடிந்து வந்து அதற்குப் பழகிக்கொண்டிருக்கிறாள். மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தம்பி,
தேவநாதன்

*

சிதம்பரம்,
14-6-2012

தேவநாதனுக்கு,

இங்கே யாரும் சௌக்கியமாக இல்லை. என் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று என்னைக் கேட்காதே, உன் மகளைக் கேள்.

காலையில் காபிகூடக் குடிக்கவில்லை. இருசம்மாள் பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அக்கா, இது உங்க மருமவதான?" என்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். தலையில் இடி விழுந்தது. உன் மகள்! மேஜைமேல் சீட்டு! சுற்றிலும் ஆம்பளைகள்! "புயல் நிவாரணச் சீட்டுப் போட்டியில் முதல் பரிசு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான்!

அடப்பாவி, போட்டி போட்டி என்று எழுதினாயே, நான் கோலப்போட்டி என்று நினைத்து இருசம்மாளிடம் பெருமை வேறு பீற்றிக்கொண்டேனே! என்ன போட்டி என்று ஒரு வார்த்தை எழுதினால் உன் பேனா முனை ஒடிந்துவிடுமா? அது என்ன போக்கர்? எந்த ஊர்க் கருமம் அது?

ஒரு ஆம்பளை சீட்டாடி நான் பட்டது போதாதா? இப்போது வீட்டுக்கு வருகிற மருமகளும் சீட்டோடு வர வேண்டுமா? கார்த்திகேசனிடம் காட்டினேன். பிள்ளை முகம் வெளுத்துவிட்டது. பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு எவ்வளவு அவமானமாக இருந்திருக்கும்!

உன் மகளும்தான் நிற்கிறாளே, பரிசை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, பேய் அறைந்த மாதிரி. ஜெயித்தவள் முகமா அது? செய்தது தப்பு என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது, அந்த மட்டும் நல்லது.

இந்தக் கல்யாணம் நடக்க வேண்டுமா வேண்டாமா? உடனே பதில் போடு.

தங்கம்மாள்

*

கடலூர்,
21-6-2012

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள். உங்கள் உடம்புக்கு ஒன்று ஆனால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

சொல்லாமல் விட்டது என் தப்பு. போக்கர் என்பது மூணு சீட்டுக்கு உறவு மாதிரி ஒரு ஆட்டம். சிங்கப்பூரில் இருந்துவிட்டு வந்த வைத்திலிங்கம் என்பவர்தான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தார். காசு வைத்து ஆடவில்லை அக்கா. சேருகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் முந்திரிக் கன்று வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான். மேஜையில் வைத்து ஆடியது வெறும் பிளாஸ்டிக் வட்டு. கல்யாண மண்டபத்தில், பட்டப்பகலில், சாம்பார் சாதத்தோடு நடந்தது. நான் கூடவே இருந்தேன். பரிசுகள்கூட ஊர்க்காரர்கள் தானமாகக் கொடுத்தவைதான்.

அவள் முகம் அப்படி இருந்ததற்குக் காரணம் வேறு.

மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? நான் போட்ட மோதிரம் விரலுக்குச் சரியாக இருக்கிறதா? போட்டுக்கொண்டிருக்கிறாரா? கேட்டு எழுதுங்கள்.

தம்பி,
தேவநாதன்

*

சிதம்பரம்,
25-6-2012

தேவநாதா,

உன் விசாரிப்பு கிடக்கட்டும். நான் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால் நீ மோதிரத்தைப் பற்றிக் கேட்கிறாய்! போட்ட மோதிரத்துக்குக் கணக்குக் கேட்கிற மாமனாரை இப்போதுதான் பார்க்கிறேன். வெயிலுக்கு விரல் வீங்குகிறது என்று சித்திரையிலேயே கழற்றிவிட்டான். பெரிசு பண்ணித் தரச் சொல்லி தட்சிணாமூர்த்தி பத்தரிடம் கொடுத்திருக்கிறான். போதுமா? காது குளிர்ந்ததா?

பிளாஸ்டிக் வட்டாம், சாம்பார் சாதமாம். உன் மாமாவும் புளியங்கொட்டை வைத்துத்தான் ஆரம்பித்தார். அதற்கப்புறம் என்னென்ன வைத்தார் என்று என் வெறுங்காதைக் கேள்.

முடிவாகச் சொல்கிறேன். ஆடி பிறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை உன் மகளைக் கூட்டிக்கொண்டு சிதம்பரம் வா. தில்லைக் காளி முன்னால் கற்பூரம் ஏற்றி, இனிமேல் சீட்டைத் தொடமாட்டேன் என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணட்டும். பண்ணினால் ஆவணியில் கல்யாணம். இல்லையென்றால் தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவேன். கூடப்பிறந்தவன் என்றுகூடப் பார்க்கமாட்டேன்.

ஆனித் திருமஞ்சனக் கூட்டத்தில் முழங்காலை இழுத்துக்கொண்டு போய் இந்தக் கடுதாசியைப் பெட்டியில் போடுகிறேன். அதற்காகவாவது சீக்கிரம் பதில் எழுது.

தங்கம்மாள்

*

கடலூர்,
8-7-2012

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

வினோதினி சத்தியம் பண்ணச் சம்மதித்துவிட்டாள். அதில் தடை இல்லை.

ஒன்று மட்டும் செய்யுங்கள் அக்கா. கடைத்தெருப் பக்கம் போகும்போது பத்தரைப் பார்த்து மோதிரம் ஆகிவிட்டதா என்று நீங்களே ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தப் பேப்பர் இருந்தால் போட்டோவை இன்னொரு தடவை பாருங்கள். அவள் முகத்தை வேண்டாம். கையில் இருப்பதைப் பாருங்கள்.

தம்பி,
தேவநாதன்

*

சிதம்பரம்,
13-7-2012

தம்பிக்கு,

உடம்பு இருக்கிறது. சோறுதான் இறங்கவில்லை.

பத்தர் கடைக்குப் போனேன். "மோதிரமா? எந்த மோதிரம்மா? உங்க புள்ள இந்தப் பக்கமே வரலியே" என்றார். கடைவாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாவம், அந்த மனுஷன் சோடா வாங்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கார்த்திகேசனைக் கேட்டேன். முதலில் கோபப்பட்டான். அப்புறம் அழுதான். கொள்ளிடத்தில் குளிக்கும்போது நழுவிவிட்டதாம். தேடாத இடமில்லையாம். குணசுந்தரி அத்தையின் கல்லாயிற்றே, சொன்னால் மாமா மனசு ஒடிந்துபோகும் என்று மறைத்துவிட்டானாம். அழுகிறபோது சின்ன வயசு முகம் அப்படியே வந்தது. பிள்ளை பயந்துபோய்ச் சொன்ன பொய்தானே? விடு தம்பி. ஆற்றோடு போனது போகட்டும். வினோதினிக்குத் தெரிய வேண்டாம். வேறு மோதிரம் நானே செய்து போட்டுவிடுகிறேன்.

அந்தப் பேப்பரைக் கோபத்தில் அன்றைக்கே கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். அவள் கையில் என்னதான் இருந்தது? எனக்குப் பரிசுப் பெட்டி மாதிரிதான் தெரிந்தது. சுற்றி வளைக்காமல் எழுது.

அக்கா

*

கடலூர்,
19-7-2012

அன்புள்ள அத்தைக்கு வினோதினி வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் இதைப் படிக்க வேண்டும். அப்பா மூன்று தடவை எழுத ஆரம்பித்துக் கிழித்துவிட்டார். மாமாவால் நீங்கள் பட்டதெல்லாம் பார்த்தவர் அவர். மறுபடியும் அதே விஷயத்தைத் தன் கையால் உங்களுக்கு எழுத முடியவில்லை என்கிறார். அதனால் நான் எழுதுகிறேன்.

ஆட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. கையில் ஒன்றுமே இல்லாமல் எல்லாம் இருக்கிற மாதிரி உட்கார்ந்து எதிராளியை எழுப்பிவிடலாம். அதனால் சீட்டைவிட ஆளைத்தான் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவோம் அத்தை. பொய் சொல்கிறவர்கள் முகத்தை நன்றாகவே வைத்துக்கொள்வார்கள். கைதான் காட்டிக்கொடுக்கும். கடைசி ஆட்டத்தில் வைத்திலிங்கம் சார் முகம் சாமி சிலை மாதிரி இருந்தது. பெருவிரல் மட்டும் வட்டின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. அதை வைத்துத்தான் ஜெயித்தேன். ஜெயித்துவிட்டேன், தோப்புக்காரர்களுக்கும் இவ்வளவு கன்று சேர்ந்துவிட்டது என்று ஒரு நிமிஷம் துள்ளிக் குதித்தேன்.

அப்புறம் பரிசைக் கொடுத்தார்கள். சின்னப் பெட்டி. "தொறந்து காட்டும்மா, போட்டோவுக்கு" என்றார் பேப்பர்காரர். திறந்தேன். மோதிரம். சிவப்புக் கல். ஓரத்தில் சிதைவு. அம்மா குனிந்து கோலம் போடும்போது என் கண்ணுக்கு நேராக இருக்கும் கல் அத்தை அது. எனக்குத் தெரியாதா? அந்த நேரத்தில்தான் போட்டோ எடுத்தார்கள்.

அப்பாவும் அதைப் பார்த்துவிட்டார். தானம் கொடுத்தவர் உத்திராபதி என்று ஒரு லாரிக்காரர். உங்கள் ஊர்தான். அப்பா அவரிடம் போய், ஏதும் தெரியாதவர் மாதிரி, நல்ல கல்லாச்சே, எங்கே வாங்கியது என்று கேட்டார். அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"வாங்கலீங்க. பாண்டில ஒரு லாட்ஜுல சீட்டு. கையில இருந்ததெல்லாம் போனதும் எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் இத்தக் கழட்டி வெச்சான். எனக்கு வந்துடுச்சி. ஊட்டுல அவ உள்ளயே வுடல. சீட்டுல வந்த தங்கம் ஊட்டுல தங்கக் கூடாது, எதுனா தர்மத்துக்குக் குடுத்துடுன்னுட்டா. அதான் இங்க."

"பையன் யாரு?"

"மருந்து விக்கிற பையன். கார்த்தின்னு கூப்புடுவாங்க. நல்லா ஆடுவான். எழுந்திரிக்கத்தான் தெரியாது."

அவர்தான் நம் வீட்டு மாப்பிள்ளை என்று அப்பா சொல்லவில்லை, சண்டையும் போடவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சாமி மாடத்தில் அம்மா படத்துக்குக் கீழே மோதிரம் இருக்கிறது. போட்டோ வந்த பேப்பரை இத்துடன் வைத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்ட சத்தியத்தை நான் பண்ணுகிறேன். எனக்குச் சீட்டு பெரிசில்லை. ஆனால் கார்த்தி மாமாவும் என் பக்கத்தில் நின்று அதே சத்தியத்தைப் பண்ண வேண்டும். மோதிரம் எப்படிப் போனது என்பதையும் என் முன்னால் அவரே சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் நான் இந்தக் கல்யாணத்துக்குத் தயார். தப்பு பண்ணினவரோடு வாழ்ந்துவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. பொய் சொல்கிறவரோடு எப்படி என்று தெரியவில்லை.

கோபம் வந்தால் என்னைத் திட்டுங்கள், அப்பாவை வேண்டாம். முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வினோதினி

*

சிதம்பரம்,
16-8-2012

வினோதினிக் கண்ணுக்கு அத்தை எழுதுவது.

உன் கடுதாசி வந்து வெகுநாள் ஆகிறது. உயிரோடுதான் இருக்கிறேன். மாத்திரை போடுகிறேன். சமைக்கிறேன். இருசம்மாள் துணைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

உள்ளதைச் சொல்கிறேன், முதலில் நான் உன்னை நம்பவில்லை. மோதிரம் ஆற்றில் போனது எப்படியோ உன் காதுக்கு வந்துவிட்டது, சீட்டாடினதை மறைக்கக் கதை கட்டுகிறாய் என்று நினைத்தேன். நீ அனுப்பின பேப்பரைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கறுப்பு வெள்ளையில் கல்லாவது, சிதைவாவது! ஒன்றும் தெரியவில்லை. உன் முகம்தான் தெரிந்தது. அது செய்த தப்புக்குப் பயந்த முகம் இல்லை.

உனக்கு முன்னால் நான் அவனைத் தனியாகக் கேட்டுவிடலாம் என்று முடிவு பண்ணினேன். ஆடி வெள்ளிக்கிழமை, தில்லைக் காளி கோயில். கூட்டமென்றால் கூட்டம். அபிஷேகம் பார்க்கலாம் வாடா என்று கூட்டிப்போனேன். கற்பூரத்தை ஏற்றினேன். அதற்கப்புறம்தான் கேட்டேன்.

"மோதிரம் கொள்ளிடத்துலதான் போச்சா?"

"ஆமாம்மா. எத்தினி தடவ கேப்ப?"

"சீட்டுல வெச்சு ஆடலியே?"

"இன்னாம்மா நீ! அப்பாவப் பாத்தவன் நானு. சீட்டத் தொடுவனா?"

"சாமி முன்னாடி கேக்குறேன்டா. இப்ப ஆமான்னு சொன்னாக்கூட நான் திட்டமாட்டேன். வினோதினியும் ஒத்துக்குவா. சொல்லிடு."

அவன் யோசிக்கவே இல்லை கண்ணு. கையைத் தூக்கி என் தலையில் வைத்தான். "உன் தலமேல சத்தியமாம்மா. தொட்டதே இல்ல" என்றான்.

பொய்ச் சத்தியம் பண்ணினால், யார் தலையில் கை வைத்தோமோ அந்தத் தலை போய்விடும் என்று நம்புகிற குடும்பம் நம்முடையது. அவனுக்கு அது தெரியாதா? பரீட்சைக்குப் படித்தாயா என்று கேட்டால்கூட, "சத்தியம் மட்டும் கேக்காதம்மா" என்று ஓடுகிற பிள்ளை அவன்.

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சுருக்கம் இல்லை, கண் தாழவில்லை. பால் குடித்த நாளில் என்னை எப்படிப் பார்த்தானோ அப்படிப் பார்த்தான். முகத்தை மட்டும் பார்த்திருந்தால் காலம் முழுக்க நம்பியிருப்பேன். கையைப் பார்க்க வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய். கை என் தலைமேல் இருந்தது, நான் எப்படிப் பார்ப்பேன்?

ஆனால் அது நடுங்கியது. உச்சியில் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அவனுக்குச் சோறு போட்டேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் கொடுத்த நிச்சயத் தட்டை எடுத்துத் துடைத்தேன். "எதுக்கும்மா அது?" என்றான். "கடலூருக்குத் திருப்பி அனுப்புறேன்" என்றேன். அப்போதுதான் அவன் முகம் மாறியது. கத்தினான், காலில் விழுந்தான், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். கற்பூரம் எரிந்தபோது சொல்லியிருக்கலாம். அவன் என் பிள்ளை, அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் தலையில் கட்டமாட்டேன்.

தட்டும் புடவையும் இருசம்மாளோடு வருகின்றன. தம்பியை வாங்கிக்கொள்ளச் சொல், அழ வேண்டாம் என்று சொல். உன்னை வாய்க்கு வந்தபடி பேசினேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. சத்தியமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

அந்த உத்திராபதி பெண்டாட்டி சொன்னது சரி. சீட்டில் வந்த தங்கத்தை வைத்துக்கொள்ளாதே, தோப்புக்காரர்களுக்குக் கன்று வாங்கக் கொடுத்துவிடு. கல் உன் அம்மாவுடையது. அதை மட்டும் எடுத்து மூக்குத்தியாகவே பண்ணிப் போட்டுக்கொள். குத்தும்போது வலிக்கும், பொறுத்துக்கொள். பொங்கலுக்கு வருவேன். அத்தை என்று கூப்பிடுவாய் அல்லவா?

என் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் கை நடுங்கினது மட்டும் இன்னும் உச்சியில் அப்படியே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். போகவில்லை.

உன் அத்தை,
தங்கம்மாள்